சர்வ்லெட்டிலிருந்து ஈஜேபி பீனை அழைப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கொள்முதல் கடை. காலையில் பால்வெட்டு முடிந்ததும் கேனும் ஷீட்டும் ஒட்டுப்பாலுமாக ஆட்கள் வந்து நிற்பார்கள். எடை போட்டு, பாலில் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்து, வாங்கியிருக்கும் முன்பணத்தைக் கழித்து, ரசீது அடிக்கிற கணக்கு முழுவதும் அங்கே ஏற்கெனவே சர்வரில் ஈஜேபி பீன்களாக (சர்வருக்குள் ஓடும், வேண்டியபோது அழைத்து வேலை வாங்கக்கூடிய ஜாவா கிளாஸ்களாக) இருந்தது. எழுதியது வேறொரு குழு. கவுண்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணக்கை வலைப்பக்கத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று நாகர்கோவிலில் எங்களிடம் வேலை வந்தது. மூன்று நாள் கேட்டேன். பதினொரு நாள் ஆனது.

அதில் எட்டு நாள் நிரல் எழுதுவதில் போகவில்லை. பெயர் பொருந்தாமல், பேக்கேஜ் மாறி, கோப்பு தப்பான இடத்தில் கிடந்து போனது. நம் மாவட்டத்தில் கல்லூரி முடித்து முதல் வேலையில் சேருகிற பிள்ளைகளிடம் இப்படிப் பழைய பீன்களோடு இணைக்கிற வேலையைத்தான் முதலில் தருகிறார்கள். அவர்களுக்கு அந்த எட்டு நாள் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

“அந்தக் கணக்கை வலைப்பக்கத்திலேயே இன்னொரு தடவை எழுதிவிடலாமே” என்று முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. கடைக்காரரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “தம்பி, கவுண்டர்ல ஒரு விலை, போன்ல ஒரு விலைன்னு காட்டினா, பால் கொண்டு வந்து நிக்கவன் நம்மள நம்புவானா?” அதற்குப் பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டேன். கணக்கு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வலைப்பக்கம் அதைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் கேட்டு வாங்குவது சர்வ்லெட், அதாவது உலாவி கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா நிரல்.

ஒரு சின்ன விஷயம்: நிரல் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் வாங்க வேண்டியவை

பீன்களை எழுதிய குழுவிடம் முதல் நாளே இவற்றைக் கேளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

எந்த சர்வர், எந்தப் பதிப்பு. எந்த ஜாவா பதிப்பு. பீன்கள் இருக்கும் கோப்பின் சரியான பெயர், அது இயர் கோப்புக்குள் (பல பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய கோப்பு) இருக்கிறதா, தனியாக இருக்கிறதா. ஒவ்வொரு பீனின் பெயர், அதன் இன்டர்ஃபேஸின் முழுப் பெயர் பேக்கேஜோடு. அது லோக்கலா (அதே சர்வருக்குள் மட்டும் அழைக்கலாம்) ரிமோட்டா (வேறு இயந்திரத்திலிருந்தும் அழைக்கலாம்). இன்டர்ஃபேஸ்கள் மட்டும் உள்ள ஜார் கோப்பு. ஒவ்வொரு மெத்தடும் என்னென்ன எக்ஸெப்ஷன் எறியும் என்ற பட்டியல். பீன் வேறு இயந்திரத்தில் இருந்தால் முகவரி, போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல்.

நான் இவற்றில் பாதியைக் கேட்காமலே தொடங்கினேன். எனக்கு அனுப்பிய ஜார் கோப்பு சர்வரில் ஓடியதைவிட ஒரு பதிப்பு பழையது என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. ஆகவே ஜார் வந்ததும், சர்வரில் ஓடுவதும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டு ஒரு வரி பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. செலவும் நாளும்

மென்பொருளுக்குச் செலவு இல்லை. ஈஜேபி ஓடும் சர்வர்களான வைல்டுஃப்ளை, கிளாஸ்ஃபிஷ், டாம்ஈஈ மூன்றும் இலவசம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், நிரல் எழுதும் எக்லிப்ஸ், அதைத் தொகுக்கும் மேவன் எல்லாமே இலவசம். ஜாவாவுக்கு ஓபன்ஜேடிகே போதும். ஆரக்கிளின் ஜேடிகேயை வணிக இடத்தில் போடுவதாக இருந்தால் அந்தப் பதிப்பின் உரிம நிபந்தனையைப் படித்துவிட்டுப் போடுங்கள், சில பதிப்புகளுக்குக் கட்டணம் உண்டு. டெமூரின் போன்ற ஓபன்ஜேடிகே தொகுப்பை எடுத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

பணம் போவது இயந்திரத்துக்கு. பழகுவதற்கு 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி தாராளம். வைல்டுஃப்ளை தன் தொடக்க அமைப்பில் ஜாவாவுக்கு அதிகபட்சம் 512 எம்பி ஹீப்தான் எடுக்கும். சின்னக் கடைக்கு வாடகை சர்வர் எடுத்தால், டேட்டாபேஸும் அதே இயந்திரத்தில் இருக்கும் பட்சத்தில் 4 ஜிபிக்குக் குறைய வேண்டாம். வாடகைப் பட்டியலில் காட்டும் தொகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி வரும். கடைக்காரரிடம் தொகை சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிறகு சொன்னால் மனக்கசப்பு.

நாள் கணக்கு: சர்வரைப் போட்டு ஒரு வெற்றுப் பக்கம் வரவைக்க அரை நாள். நீங்களே எழுதிய ஒரு சின்ன பீனை அழைக்க அரை நாள். அவர்கள் தந்த உண்மையான பீனை அழைக்க ஒரு நாள். பணம் சம்பந்தப்பட்ட சோதனைக்கு இரண்டு நாள், இதில் மட்டும் குறைக்காதீர்கள். பீன் வேறு இயந்திரத்தில் இருந்தால் மேலும் இரண்டு நாள். ஆக, ஒரு வாரம் கேளுங்கள்.

3. சரியான சர்வரைப் போடுங்கள்

கல்லூரி ஆய்வகத்தில் எல்லோரும் டாம்கேட்டில்தான் பழகியிருப்போம். டாம்கேட்டில் சர்வ்லெட்டும் ஜேஎஸ்பியும் ஓடும், ஆனால் ஈஜேபி கன்டெய்னர், அதாவது பீன்களை உருவாக்கி நிர்வகிக்கும் பகுதி, கிடையாது. அதில் ஈஜேபி ஜாரைப் போட்டு எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பீன் உயிர்பெறாது. டாம்கேட் பழக்கம் விடக் கூடாது என்றால் டாம்ஈஈ போடுங்கள். அது டாம்கேட்டின் மேல் ஈஜேபியும் மற்றவையும் சேர்த்துக் கட்டியது. நான் வைல்டுஃப்ளை எடுத்தேன், பீன்களை எழுதிய குழுவும் அதுதான் வைத்திருந்தது. இனி வரும் சர்வர் விவரங்கள் அதை வைத்தே.

அடுத்து பேக்கேஜ் பெயர். இந்த ஒரு பொறி பலரை வீழ்த்துகிறது. பழைய புத்தகங்களிலும் குறிப்பேடுகளிலும் எல்லா இம்போர்ட்டும் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கும். 2020இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9 (ஜாவா ஈஈக்கு இப்போதைய பெயர் ஜகார்த்தா ஈஈ) முதல் அவை ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டன. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். வைல்டுஃப்ளையில் 27 முதல் புதிய பெயர்.

இது எப்படிக் கழுத்தை அறுக்கும் என்றால், பழைய பெயருள்ள ஜாரை நீங்களே வார் கோப்புக்குள் (வலை நிரலைக் கட்டி வைக்கும் கோப்பு) அடைத்து வைத்திருந்தால் நிரல் தொகுப்பாகிவிடும், சர்வரும் குறை சொல்லாமல் ஏற்றிக்கொள்ளும். பக்கத்தைத் திறந்தால் 404. உங்கள் அனோட்டேஷன் எதையும் புதிய சர்வர் அடையாளம் காணவில்லை, அதுதான் காரணம். இதைத் தவிர்க்க மேவனின் அமைப்புக் கோப்பான பாம் கோப்பில் ஜகார்த்தா ஈஈ ஏபிஐயின் ஸ்கோப்பை ‘ப்ரொவைடட்’ என்று வையுங்கள். அப்போது அந்த ஜார் வாருக்குள் போகாது, சர்வரிடம் இருப்பதே பயன்படும், பெயர் பொருந்தாவிட்டால் முதலிலேயே எரர் கத்திவிடும்.

4. ஒரே வார் கோப்பா, இயர் கோப்பா

பீனும் வலை நிரலும் நீங்களே எழுதுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே வாருக்குள் வையுங்கள். ஜாவா ஈஈ 6 வந்த 2009 முதல் இது முறைப்படி அனுமதிக்கப்பட்டது. தனி ஈஜேபி ஜார், இயர் என்று அடுக்கத் தேவையில்லை.

பீன்கள் வேறொருவருடையவை என்றால் இயர் கோப்பு சரி. உள்ளே ஒரு ஈஜேபி ஜார், ஒரு வார், இரண்டுக்கும் பொதுவான இன்டர்ஃபேஸ் ஜார் லிப் அடைவில். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அந்தப் பொது ஜார் இயரின் லிப்பிலும் இருந்து, வாரின் வெப்-இன்ஃப் லிப்பிலும் இருந்தால், ஒரே கிளாஸ் இரண்டு கிளாஸ்லோடரில் ஏறும் நிலை வரும். விலை சொல்லும் பீனின் இன்டர்ஃபேஸ் பெயர் ரேட்சர்வீஸ் என்றால், “ரேட்சர்வீஸை ரேட்சர்வீஸாக மாற்ற முடியாது” என்று கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் வரும். இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர்! அதைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் வடசேரியில் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வாரைத் திறந்து அந்த ஜாரை நீக்கியதும் சரியானது.

5. சர்வ்லெட்டில் பீனைக் கேட்பது

மொத்த வேலையின் நடு இது. விதி ஒன்றுதான்: பீனை நீங்கள் ‘நியூ’ போட்டு உருவாக்கக் கூடாது. கன்டெய்னரிடம் கேட்க வேண்டும். நியூ போட்டால் கிடைப்பது வெறும் ஜாவா ஆப்ஜெக்ட். அதற்கு டிரான்சாக்ஷன் (எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது என்ற ஏற்பாடு) இல்லை, பாதுகாப்புச் சோதனை இல்லை, உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் இணைப்பும் ‘நல்’, அதாவது வெறுமையாக இருக்கும்.

சர்வ்லெட் கிளாஸுக்குள் ஒரு ஃபீல்டு அறிவியுங்கள். வகை: ரேட்சர்வீஸ் இன்டர்ஃபேஸ். அதன் தலைமேல் @ஈஜேபி என்று ஒரு வரி. அவ்வளவுதான், சர்வ்லெட் வேலையைத் தொடங்கும் முன் கன்டெய்னர் அதை நிரப்பித் தந்துவிடும். ஒரே பயன்பாட்டுக்குள் இருக்கும் லோக்கல் பீனுக்கு @இன்ஜெக்ட் போட்டாலும் வேலை செய்யும். ரிமோட் பீனுக்கு @ஈஜேபியே போடுங்கள்.

இப்போது பொறிகள்.

முதலாவது, இந்த நிரப்பல் கன்டெய்னர் உருவாக்கும் கிளாஸ்களில் மட்டுமே நடக்கும்: சர்வ்லெட், ஃபில்டர், லிசனர், இன்னொரு பீன் போன்றவை. நான் சர்வ்லெட் பெரிதாகிறதே என்று கணக்கு வேலையை ‘ரசீதுஹெல்பர்’ என்ற தனி கிளாஸுக்கு மாற்றி, அதற்குள் @ஈஜேபி போட்டேன். சர்வ்லெட்டில் அந்த ஹெல்பரை நியூ போட்டு எடுத்தேன். நல்பாயின்டர் எக்ஸெப்ஷன். ஹெல்பரை உருவாக்கியது நான், ஆகவே கன்டெய்னருக்கு அது இருப்பதே தெரியாது. வழி இரண்டு: ஹெல்பரையும் @இன்ஜெக்ட் மூலம் வாங்குங்கள், அல்லது சர்வ்லெட் தனக்குக் கிடைத்த பீனை ஹெல்பரின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கட்டும். இரண்டாவது எளிது, சோதிக்கவும் வசதி.

இரண்டாவது, ஜேஎஸ்பி பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட்லெட்டில் @ஈஜேபி எழுத முயலாதீர்கள். சர்வ்லெட் பீனை அழைக்கட்டும், விடையை ரிக்வெஸ்ட் அட்ரிபியூட்டில் வைக்கட்டும், ஜேஎஸ்பிக்கு ஃபார்வர்டு செய்யட்டும். ஜேஎஸ்பி காட்டுவதோடு நிற்கட்டும்.

மூன்றாவது, ஃபீல்டை ஸ்டாட்டிக் ஆக்காதீர்கள். ஸ்டாட்டிக் ஃபீல்டுக்கு நிரப்பல் கிடையாது.

6. பெயரைத் தேடி எடுக்க வேண்டி வந்தால்

@ஈஜேபி போட முடியாத இடங்கள் உண்டு. அங்கே ‘இனிஷியல்கான்டெக்ஸ்ட்’ ஒன்று உருவாக்கி ‘லுக்அப்’ செய்ய வேண்டும். பெயர் இப்படி அமையும்:

ஜாவா:குளோபல்/ஆப்பெயர்/மாட்யூல்பெயர்/பீன்பெயர்!இன்டர்ஃபேஸின்முழுப்பெயர்

இயர் இல்லாமல் வார் மட்டும் என்றால் ஆப்பெயர் வராது. ஒரே இயருக்குள் என்றால் ஜாவா:ஆப் என்று தொடங்கி மாட்யூல் பெயரிலிருந்து எழுதலாம். ஒரே மாட்யூலுக்குள் என்றால் ஜாவா:மாட்யூல் என்று தொடங்கி பீன் பெயர் மட்டும் போதும். ஆச்சரியக்குறிக்குப் பின்னால் வருவதை விடலாம், ஆனால் பீன் ஒரே ஒரு இன்டர்ஃபேஸை மட்டும் வெளிக்காட்டினால்தான்.

இந்தப் பெயரை மனக்கணக்காக எழுதாதீர்கள். வைல்டுஃப்ளை ஏறும்போது சர்வர் லாகில் 0473 என்று முடியும் குறியீட்டு எண்ணோடு ஒரு வரி வரும். அதன் கீழே ஒவ்வொரு பீனுக்கும் எல்லாப் பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டிருக்கும். அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ‘நேம்நாட்ஃபவுண்ட்’ எக்ஸெப்ஷன் வந்த இரண்டு நாளும் நான் பெயரைக் கையால் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான பெயர் அந்த லாகில் கண்ணுக்கு நேரே கிடந்தது.

அப்புறம், மாட்யூல் பெயர் என்பது தானாக எடுத்தால் கோப்பின் பெயர்தான். மேவன் தானாக வைக்கும் கோப்புப் பெயரில் பதிப்பு எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். இன்று 1.0, அடுத்த மாதம் 1.1 என்றால் லுக்அப் பெயரும் மாறி, நேற்று வரை ஓடியது நின்றுவிடும். பாம் கோப்பில் ‘ஃபைனல்நேம்’ எழுதி, பதிப்பு எண் இல்லாத பெயராக நிலைநிறுத்துங்கள்.

7. பீன் எந்த வகை என்று பாருங்கள்

ஸ்டேட்லெஸ் பீன், அதாவது அழைப்புக்கு அழைப்பு எதையும் நினைவில் வைக்காத பீன் என்றால் சர்வ்லெட் ஃபீல்டில் தாராளமாக வைக்கலாம். ஒவ்வொரு அழைப்புக்கும் கன்டெய்னர் கையில் இருக்கும் ஏதோ ஒரு ஆப்ஜெக்டைத் தரும். ஆகவே அந்த பீனுக்குள் ஒரு ஆளின் எடையையோ பெயரையோ ஃபீல்டில் வைத்துவிட்டு அடுத்த அழைப்பில் எடுக்கலாம் என்று நம்பக் கூடாது. நீங்கள் ஒருவராகச் சோதிக்கும்போது சரியாகவே வரும். கடையில் இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எடை போட்டால் ஒருவர் எடை மற்றவர் ரசீதில் ஏறும். எல்லாவற்றையும் மெத்தடின் பாராமீட்டராகவே அனுப்புங்கள்.

ஸ்டேட்ஃபுல் பீன் ஒரு ஆளுக்கு உரியது. அதை சர்வ்லெட் ஃபீல்டில் வைத்தால் பெரிய தவறு. சர்வ்லெட் ஒன்றே ஒன்றுதான், எல்லாரும் அதையே பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஆகவே அந்த பீனையும் பங்கிடுவார்கள். அதை லுக்அப் செய்து எடுத்து, அந்த ஆளின் எச்டிடிபி செஷனில் வையுங்கள். வேலை முடிந்ததும் @ரிமூவ் போட்ட மெத்தடை அழைத்து விடுவியுங்கள். எனக்குக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்டேட்ஃபுல்லைத் தொடாமலிருப்பதே நல்லது. நான் பார்த்த வேலைகளில் ஸ்டேட்லெஸ் போதாத இடம் இதுவரை வரவில்லை.

8. பணம் தொடும் இடம்: டிரான்சாக்ஷன்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

ஒரு உதாரணம். ஒருவர் 42 கிலோ பால் கொண்டுவருகிறார். ரப்பர் 35%. அப்படியானால் 14.7 கிலோ உலர் ரப்பர். கிலோ 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 2,793 ரூபாய். முன்பணத்தில் 500 கழித்து அவர் கையில் கிடைப்பது 2,293.

நான் முதலில் எழுதியது இப்படி: சர்வ்லெட் முதலில் ரசீதுசர்வீஸின் ‘எழுது’ மெத்தடை அழைத்தது, அடுத்த வரியில் முன்பணசர்வீஸின் ‘கழி’ மெத்தடை அழைத்தது. பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. சோதனைத் தரவில் ஒரு ஆளுக்கு முன்பணக் கணக்குத் திறக்காமல் விட்டிருந்தேன். இரண்டாவது அழைப்பு எக்ஸெப்ஷன் எறிந்தது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால், ரசீதில் 500 கழித்து 2,293 என்று ஏறியிருக்கிறது, முன்பணப் புத்தகத்தில் அந்த 500 வரவே இல்லை. உண்மையில் நடந்திருந்தால் அந்த ஆளிடம் பணத்தைப் பிடித்திருப்போம், கடனும் அப்படியே நின்றிருக்கும். அதிகாலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிற ஒருவரின் 500 ரூபாய் அது. அதைப் பார்த்தபின் அன்று வேறு எதுவும் எழுதவில்லை.

காரணம் இதுதான். சர்வ்லெட்டிலிருந்து பீனின் மெத்தடை அழைக்கும்போது கன்டெய்னர் ஒரு டிரான்சாக்ஷனைத் தொடங்கும், மெத்தட் திரும்பியதும் அதை உறுதி செய்துவிடும். இரண்டு அழைப்பு என்றால் இரண்டு தனித்தனி டிரான்சாக்ஷன். முதலாவது முடிந்து பூட்டிவிட்டது, இரண்டாவது விழுந்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

தீர்வு: சேர்ந்தே நடக்க வேண்டியவை எல்லாம் ஒரே பீன் மெத்தடுக்குள் இருக்க வேண்டும். ‘கொள்முதல்முடி’ என்று ஒரு மெத்தட், அதற்குள் ரசீதுசர்வீஸையும் முன்பணசர்வீஸையும் அழையுங்கள். உள்ளே நடக்கும் அழைப்புகள் அதே டிரான்சாக்ஷனில் சேர்ந்துகொள்ளும். சர்வ்லெட் அந்த ஒரு மெத்தடை மட்டும் அழைக்கட்டும். பீன் உங்களுடையது இல்லை என்றால் அந்தக் குழுவிடம் இப்படி ஒரு மெத்தட் கேட்டு வாங்குங்கள். என் விஷயத்தில் அவர்கள் ஒரே நாளில் எழுதித் தந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு குழி இருந்தது. பீனுக்குள்ளிருந்து ரன்டைம் எக்ஸெப்ஷன் வெளியேறினால் கன்டெய்னர் எல்லாவற்றையும் ரோல்பேக் செய்யும், அதாவது எழுதியதைத் திரும்ப எடுக்கும், சர்வ்லெட்டுக்கு ஈஜேபிஎக்ஸெப்ஷன் என்ற உறையில் வந்து சேரும். ஆனால் நீங்களே எழுதிய செக்டு எக்ஸெப்ஷன் எறிந்தால், கன்டெய்னர் அதைத் தொழில் சார்ந்த ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு, ரோல்பேக் செய்யாமல் உறுதி செய்துவிடும். ‘முன்பணக்கணக்குஇல்லை’ என்ற எக்ஸெப்ஷன் அந்த வகைதான். அந்த எக்ஸெப்ஷன் கிளாஸின் மேல் @அப்ளிகேஷன்எக்ஸெப்ஷன் போட்டு, ரோல்பேக் ட்ரூ என்று எழுத வேண்டும். முதல் படியில் எக்ஸெப்ஷன் பட்டியல் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பீனுக்குள் தன்னுடைய இன்னொரு மெத்தடை நேரடியாக அழைத்தால் அது கன்டெய்னர் வழியாகப் போகாது, ஆகவே அந்த மெத்தடின் தலையில் தனி டிரான்சாக்ஷன் கேட்கும் ‘ரிக்வயர்ஸ்நியூ’ என்று எழுதியிருந்தாலும் பயன் இல்லை. மேலும், பணத்துக்கும் எடைக்கும் டபுள் வேண்டாம், பிக்டெசிமல் போடுங்கள், அதையும் எண்ணிலிருந்து உருவாக்காமல் ஸ்ட்ரிங்கிலிருந்து உருவாக்குங்கள். பைசா வித்தியாசம் வந்தால் கடையில் பதில் சொல்ல வேண்டியது கவுண்டரில் இருக்கும் பெண்.

பீன் தந்த என்டிட்டியை (டேட்டாபேஸ் வரியின் ஜாவா வடிவம்) ஜேஎஸ்பியில் காட்டும்போது ‘லேஸிஇனிஷியலைசேஷன்’ எக்ஸெப்ஷன் வரலாம். ஆளின் பழைய ரசீதுகள் போன்ற பட்டியல், கேட்டால்தான் டேட்டாபேஸிலிருந்து வரும்படி வைக்கப்பட்டிருக்கும். பக்கம் வரையும் நேரத்தில் டிரான்சாக்ஷன் முடிந்துபோயிருக்கும். தேவையானதை பீனுக்குள்ளேயே எடுத்து, காட்ட வேண்டிய ஃபீல்டுகள் மட்டும் உள்ள எளிய ஆப்ஜெக்டில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

9. பீன் வேறு இயந்திரத்தில் இருந்தால்

வலைப்பக்கம் ஒரு சர்வரிலும் பீன் இன்னொன்றிலும் இருந்தால் ரிமோட் இன்டர்ஃபேஸ் வேண்டும். வைல்டுஃப்ளையில் இணைப்பு முகவரி ரிமோட்+எச்டிடிபி என்று தொடங்கும், போர்ட் அதே 8080. லுக்அப் பெயர் ‘ஈஜேபி:’ என்று தொடங்கும். இயர் இல்லை என்றால் அதற்கு அடுத்து வரும் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

பயனர் உருவாக்கும்போது ஆட்-யூசர் நிரல் இரண்டு வகை கேட்கும். மேனேஜ்மென்ட் பயனர் நிர்வாகத் திரைக்கு, அதாவது 9990 போர்ட்டுக்கு. உங்களுக்கு வேண்டியது அப்ளிகேஷன் பயனர், இரண்டாவது தெரிவு. முதலாவதைத் தேர்ந்தால் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது. இன்னொன்று, வைல்டுஃப்ளை தொடக்க அமைப்பில் 127.0.0.1இல் மட்டுமே கேட்கும். உள் வலையமைப்பு முகவரியை மைனஸ் பி என்ற தெரிவோடு கொடுத்துத் தொடங்குங்கள். அதோடு ஃபயர்வாலில் வலை சர்வரின் முகவரிக்கு மட்டும் போர்ட்டைத் திறவுங்கள். 8080ஐயும் 9990ஐயும் உலகுக்கே திறந்து வைப்பது வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போவது போல.

ரிமோட்டில் அனுப்பும் ஒவ்வொரு கிளாஸும் சீரியலைசபிளாக இருக்க வேண்டும். நகல்தான் போகும், ஆகவே அந்தப் பக்கம் மாற்றியது உங்கள் ஆப்ஜெக்டில் தெரியாது. ஒவ்வொரு அழைப்பும் வலையமைப்பைக் கடக்கிறது என்பதால் 300 ஆட்களின் நிலுவையை 300 முறை லூப் போட்டுக் கேட்காதீர்கள். பட்டியலாக ஒரே தடவை அனுப்பி ஒரே தடவை வாங்குங்கள்.

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். மழை வலுத்தால் கரன்ட்டும் இணையமும் போய் வரும். அழைப்பு பாதியில் அறுந்தால் அந்தப் பக்கம் ரசீது எழுதப்பட்டதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே பாலுக்கு இரண்டு ரசீது. இதற்கு நாங்கள் செய்தது: பக்கம் திறக்கும்போதே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி எண் உருவாகும், அது பீனுக்கும் போகும், டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு யுனீக் கட்டுப்பாடு இருக்கும். இரண்டாவது தடவை அதே எண் வந்தால் புதிதாக எழுதாமல் பழைய ரசீதையே திருப்பித் தரும். விலை பார்க்கிற மாதிரி எதையும் மாற்றாத அழைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி அனுப்பலாம்.

10. ஏற்றுகிற நாள்

கோப்பை ஸ்டாண்ட்அலோன் அடைவுக்குள் உள்ள டிப்ளாய்மென்ட்ஸ் அடைவில் போட்டால் சில விநாடிகளில் சர்வர் எடுத்துக்கொள்ளும். அதே இடத்தில் கோப்பின் பெயரோடு ‘டிப்ளாய்டு’ என்ற சின்னக் கோப்பு தோன்றினால் ஏறிவிட்டது. ‘ஃபெய்ல்டு’ என்று தோன்றினால் அதைத் திறங்கள், காரணம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். பழைய வார் கோப்பைத் தேதியோடு வேறு அடைவில் வைத்துவிட்டு ஏற்றுங்கள், திரும்பிப் போக அதுதான் வழி.

நேரம்: காலையில் வேண்டாம். பால் வரும் நேரம் முழுவதும் கவுண்டரில் ஆள் நிற்கும். கொள்முதல் அடங்கி, அன்றைய கணக்கு முடித்தபின் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஏற்றினோம். ஏற்றியதும் கவுண்டரில் ஒரு ரசீது, போனில் அதே ஆளுக்கு ஒரு விலை விசாரிப்பு, பிறகு வேண்டுமென்றே முன்பணக் கணக்கு இல்லாத ஒரு சோதனை ஆளுக்கு ஒரு கொள்முதல். மூன்றாவது எரர் காட்ட வேண்டும், டேட்டாபேஸில் ஒரு வரிகூட ஏறியிருக்கக் கூடாது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சோதனை ஆளை நீக்கிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு லாகைத் திறந்து வைத்துக்கொண்டு கடையிலேயே உட்காருங்கள்.